பள்ளிப் பட்டறையில் வாணிகம் நடத்திய சாட்டர்டன் துரை

இராணிப்பேட்டை தொடங்கி, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி ஈறாகவுள்ள பாலாற்றுச் சீமையில் நம் குலத்தார் பல தலைமுறைகளாகத் தோலோடு பழகி வருகின்றனர். ஒரு தோலைக் கையால் தடவிய மாத்திரத்தில், அது எத்தனை நாள் சுண்ணாம்பில் கிடந்தது, சதை சீவும்போது கத்தி எவ்விடத்தில் ஆழப் பட்டது, பட்டைச்சாறு உள்ளே இறங்கிற்றா இல்லையா என்று சொல்லவல்ல முதியோர் நம்முள் இன்றும் உளர். ஆயின் அந்தத் தோல் என்ன விலைக்குக் கொள்முதலாயிற்று, அதன்மேல் ஏறிய செலவு யாது, பெரியமேட்டு மண்டியில் அது என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பின் அம்முதியோர் வாய் திறவார். தோல் அவர்கள் கையில் இருந்தது; கணக்கேடு பிறர் பெட்டியில் இருந்தது. நம் வறுமையின் காரணங்கள் பலவாயினும் இதனை அவற்றுள் தலையாயதாகவே நாம் கருதுகின்றோம்.

பள்ளிச் சிறுவர்க்கு முதல், வட்டி, அடக்கவிலை, லாபநஷ்டம் ஆகியவற்றையும், ஒரு தொழிலைத் தானே தொடங்கி நடத்தும் துணிவையும் கற்பிக்க வேண்டுமென்று இக்காலத்தில் பலரும் பேசுகின்றனர். நம் சங்கத்துக் கூட்டங்களிலும் இப்பேச்சு எழுந்துள்ளது. இது புதிய எண்ணமன்று. ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே, சென்னையில் ஒரு சர்க்கார் பள்ளியின் பட்டறையைக் கடையைப்போல் நடத்திக் காட்டி, அதனால் புகழும் பகையும் ஒருங்கே பெற்ற ஓர் ஆங்கிலேயர் இருந்தார். அவரே ஸர் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பவர். நம் குலத்திற் பிறவாத ஒருவரது சரித்திரத்தை நம் பத்திரிகையில் எழுதுவது ஏன் என்று வினவுவார்க்கு ஒன்று சொல்வோம். அவர் செய்த சோதனைகளுள் மிகப் பெரியது நம் கைத்தொழிலைப் பற்றியது. அது நின்றுபோனதன் நஷ்டத்தில் ஒரு பங்கு நம்முடையது.

சாட்டர்டன் 1866ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். லண்டன் நகரில் அக்காலத்துப் புதிதாக ஏற்பட்டிருந்த தொழிற்கலாசாலைகளில் பயின்று, 1888-இல் சென்னை எஞ்சினீயரிங் கலாசாலையில் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. வந்த சில ஆண்டுகளிலேயே அவர் கண்டது யாதெனில், இந்நாட்டில் கல்வி கற்ற இளைஞர் சர்க்கார் உத்தியோகத்தை நாடுகின்றனரேயன்றித் தொழிலை நாடுவதில்லை. தொழில் அறிந்த கம்மாளரும், நெய்வாரும், தோல் வேலை செய்வாரும் பள்ளியின் வாயிலையே மிதிப்பதில்லை என்பது. படிப்பு ஒரு தெருவிலும் பட்டறை ஒரு தெருவிலும் இருந்தன. எஞ்சினீயராகிய அவர், விவசாயிகளின் கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் வைத்து நீர் இறைக்கும் முயற்சியிலும் பல்லாண்டு உழைத்தார். அது தனியே எழுதத்தக்கது, இங்கே விடுவோம்.

சென்னை பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று வழங்கும் இடம், 1850-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய சித்திரப்பள்ளியாகும். சர்க்கார் அதனைச் சில ஆண்டுகளில் ஏற்று நடத்தலாயினர். அதற்கு அணித்தே இருப்பது பெரியமேடு. நம் ஊர்களிலிருந்து ரயிலேறிச் சென்ற தோலெல்லாம் தரகர் கையில் விலை பேசப்பட்டுக் கப்பலேறுவதற்குக் காத்துக்கிடந்த கிடங்குகள் அங்கேயே உள்ளன. பள்ளிக்கும் மண்டிக்கும் இடையே நடந்துபோகும் தூரமே. எனினும் ஒன்றை மற்றொன்று அறியாது ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

1890களின் இறுதியில் இப்பள்ளியின் தலைமை சாட்டர்டன் கைக்கு வந்தது. அங்கே பித்தளை, செம்பு வேலையில் கைதேர்ந்த கன்னார் மாணாக்கர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தனர். செய்த பொருள்கள் கண்காட்சிக்கு அழகாயிருந்தன. ஆனால் கடைத்தெருவில் அவற்றைக் கேட்பாரில்லை. பயிற்சி முடித்து வெளியேறிய பிள்ளை, தன் தந்தை செய்த பாத்திரத்தையே தன் தந்தை பெற்ற கூலிக்குச் செய்யவேண்டியவனாயிருந்தான். வெளிநாட்டு இறக்குமதியாலோ அந்தக் கூலியும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது.

இந்நிலையில் சாட்டர்டன் ஓர் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார். அலுமினியம் என்பது முன்னர் வெள்ளியினும் அருமையாயிருந்த பொருள். 1886-இல் மின்சாரத்தால் அதனைப் பிரித்தெடுக்கும் வழி அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் கண்டுபிடிக்கப்பட்ட பின் அதன் விலை ஆண்டுக்காண்டு வீழ்ந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு அடிக்கடி ஈயம் பூசவேண்டும், அலுமினியத்துக்கு அச்செலவில்லை, எடையோ மிகக் குறைவு. தகடு அடிக்கும் கைவேலையும் நம் கன்னாருக்குப் பழகியதே. விலை வீழும் பொருள், குறையும் பராமரிப்பு, ஏற்கெனவே உள்ள கைத்திறன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு தொழிலைத் தேர்ந்தது வெறும் எஞ்சினீயரின் கண் அன்று, வணிகனின் கண் என்றே நாம் சொல்வோம். 1898-இல் பள்ளியில் அலுமினியப் பட்டறை தொடங்கப்பெற்றது.

அப்பட்டறையில் நடந்த முறை கவனிக்கத்தக்கது. செய்த பாத்திரங்களை அலமாரியில் அடுக்கி வைத்துப் பரிசோதகருக்குக் காட்டும் வழக்கம் அங்கில்லை. அவை விற்கப்பட்டன. தகட்டின் விலை, கூலி, கரி, கருவித் தேய்மானம் யாவும் எழுதப்பட்டு, இன்ன பாத்திரத்தின் அடக்கம் இவ்வளவு, இன்ன விலைக்குக் கீழே கொடுத்தால் நஷ்டம் என்று வரையறுக்கப்பட்டது. வேலை கற்போரும் செய்வோரும் கூலி பெற்றனர். பரீட்சையில் மதிப்பெண் வழங்கினவர் உபாத்தியாயர் அல்லர். பணங்கொடுத்து வாங்கும் ஜனங்களே. பாத்திரம் ஓட்டையாயிருந்தால் அடுத்த வாரம் அது திரும்பி வரும். இதனினும் கடிய பரீட்சை வேறில்லை.

1900-இல் இந்திய அலுமினியக் கம்பெனி என்று ஒன்று சென்னையில் ஏற்பட்டது. புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் அதற்கு முன்னின்றவர். 1903-இல் பள்ளியின் அலுமினியப் பகுதி அக்கம்பெனிக்கு விற்கப்பட்டது. தொழில் தானே நடக்கும் நிலை வந்ததும் சர்க்கார் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே சாட்டர்டனின் கொள்கை. குழந்தைக்கு நடை கற்பித்துக் கையை விடுவது போல்வது அது. கை விடப்பட்ட பிள்ளை யார் வீட்டுக்குப் போயிற்று என்பது வேறு கேள்வி. அதனைப் பின்னர்ப் பேசுவோம்.

இனி நம் தோலுக்கு வருவோம்.

பாலாற்றின் நீரும், மேடுகளில் தானே வளர்ந்த ஆவாரையும், கடுக்காயும், 1856-இல் சென்னையிலிருந்து வாலாஜாவரையில் ஓடத்தொடங்கிப் பின் மேற்கே நீண்ட ரயில் வண்டியும் சேர்ந்து இச்சீமையைத் தோற்சீமை ஆக்கின. நம்மவர் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடுசாலைகள் ஊர்தோறும் எழுந்தன. இங்கே ஆவாரம்பட்டையில் பாதி பதமாக்கப்பட்ட தோல் இங்கிலாந்து சென்று அங்கே முழுப்பதம் பெற்றது. உடைமை பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் முதலியோரிடமும், உழைப்பு நம்மிடமும் இருந்தன. உடைமைக்காரரும் முழுச் சுதந்தரர் அல்லர். சென்னை வியாபாரிகளிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன இடத்தில் விற்று, வட்டியும் தரகும் கழித்து மிச்சம் வாங்குவதே வழக்கம்.

இந்த ஏற்பாட்டின் தலையில் 1890களில் ஓர் இடி விழுந்தது. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவரும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவரும் குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் வழிகளைக் கண்டனர். ஆட்டுத்தோல் குரோமில் மிக அழகிய பாதரட்சைத் தோலாயிற்று. அமெரிக்கர்க்குப் பச்சைத் தோலே வேண்டியிருந்தது. பாதி பதமான தோல் வேண்டியதில்லை. ஆதலால் சென்னை ராஜதானியின் ஆட்டுத்தோல் பதனிடப்படாமலே கப்பலேறத் தொடங்கிற்று. தோல் ஷாப்புகள் பல மூடப்பட்டன. விலைபோகும் தோலுக்கு விலை ஏற, பட்டைக்காரன் போட்டியிட்டு வாங்க இயலாதவனானான். நம் முன்னோர் பலர் இக்காலத்தில் வேலையிழந்தனர். ஏன் இழந்தோம் என்று அவர்க்குச் சொல்வாரில்லை. கடலுக்கப்பால் ஒரு ரசாயனசாலையில் நேர்ந்த மாறுதல், ஆம்பூரில் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்தது.

1903-இல் சாட்டர்டன் அப்பள்ளியிலேயே குரோம் பதனிடுதலைச் சோதனை செய்யத் தொடங்கினார். இடம் போதாதாக, பின்னர்ச் செம்பியத்தில் தனித் தொழிற்சாலையாக அது வளர்ந்தது. அமெரிக்கரோடு ஆட்டுத்தோலில் போட்டியிட அவர் முதலில் முனையவில்லை. இந்நாட்டு ஜனங்களுக்கு எந்தத் தோல்பண்டம் அன்றாடம் தேவை என்று பார்த்தார். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்சால் அவர் கண்ணிற் பட்டது. ஆவாரம்பட்டையில் பதமான தோல் நீரில் ஊற ஊறப் பட்டைச்சத்தை இழந்து விரைவில் மக்கிப்போகும். குரோம் தோலோ நீரைப் பொருட்படுத்தாது. ஆண்டுதோறும் சாலுக்குச் செலவழிக்கும் குடியானவனுக்கு இது பெரிய மிச்சம். செருப்பு, பூட்ஸு, குதிரைச் சேணம் முதலியனவும் செய்யப்பட்டன. குரோம் தோல் நீலங்கலந்த சாம்பல் நிறமுடையது. பழகிய செம்மையில்லாத இதனை ஜனங்கள் முதலில் ஐயத்தோடு பார்த்தனர். ஆகவே விற்பனையும் ஒரு கல்வியாயிற்று.

இங்கே நம் பிள்ளைகள் போட்டுப் பார்க்கவேண்டிய ஒரு கணக்கு உண்டு. எண்கள் உதாரணத்துக்காக நாமே வைத்தவை. ஒருவன் கையில் 1,000 ரூபாய் முதல் உளதென்க. ஒருமுறை தோல் வாங்கிப் பதனிட்டு விற்றால் எல்லாச் செலவும் போக 20 ரூபாய் மிஞ்சுகிறதென்க. பட்டை முறையில் மாட்டுத்தோல் பதமாகி விலையாக 40 நாள் என வைத்தால், 360 நாளில் அம்முதல் 9 முறை சுழலும். லாபம் 180 ரூபாய். குரோம் முறையில் சில நாட்களே போதும். 8 நாள் என வைப்போமாயின் 45 முறை சுழன்று 900 ரூபாய் வரும். தோலும் அதே தோல், ஒருமுறை லாபமும் அதே 20 ரூபாய். இனி அந்த 1,000 ரூபாயும் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடனென்க. ஆண்டு வட்டி 120 ரூபாய். பட்டைக்காரனுக்கு மிஞ்சுவது 60 ரூபாய். அதாவது மாதம் 5 ரூபாய். குரோம்காரனுக்கு 780 ரூபாய். குரோம் முறைக்குச் சுழலும் பீப்பாய், எஞ்சின், மருந்துகள் என்று செலவு அதிகமாதலால் இதிற் பெரும்பகுதி அவற்றுக்குப் போகும் என்பதும், சரக்கு விலையாகாது கிடந்தால் 45 என்னும் எண் 10 ஆகச் சுருங்கும் என்பதும் மெய்யே. ஆயினும் பணம் எத்தனை நாள் தொட்டியில் கிடக்கிறது என்னும் ஒரு கேள்வியை எழுப்பத் தெரிந்தவன், வட்டிக்காரன் முன்னே கைகட்டி நிற்கும் காலம் குறையும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இக்கணக்கு கடினமானதன்று. கால், அரை, முக்கால் என்று கீழ்வாயிலக்கம் மனப்பாடம் செய்த நம் பாட்டன்மார்க்கு இதனை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

சாட்டர்டனுடைய எல்லா முயற்சியும் பலித்தன என்று சொல்வோமாயின் அது சரித்திரமாகாது. சேலத்தில் கைத்தறி நெசவுக்கென்று சர்க்கார் தொழிற்சாலை ஒன்றை அவர் ஏற்படுத்தினார். விசைநாடாத் தறிகளை ஒரு கூரையின்கீழ் வைத்து, நெசவாளர் குறித்த நேரத்தில் வந்து நெய்து கூலி பெறவேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் மனைவி மக்கள் துணையோடு, தமக்கு உகந்த நேரத்தில் நெய்து பழகியோர்க்கு அது பிடிக்கவில்லை. ஆட்கள் நிலையாக வரவில்லை. தறியின் கணக்கைச் சரியாகப் போட்ட துரை, தறிக்காரனுடைய குடும்பத்தின் கணக்கைப் போடவில்லை என்றே நாம் நினைக்கிறோம். வீட்டிலுள்ளோரின் உழைப்பு ஏட்டில் ஏறாவிடினும் அது முதலே.

1906-இல் தொழில் விசாரணைகளுக்குத் தனி அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார். 1908-இல் கவர்னர் ஸர் ஆர்தர் லாலி உதகமண்டலத்தில் ஒரு தொழில் மகாநாடு கூட்டினார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிய சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறை சென்ற ஆண்டும் அதுவே. ஒரு பக்கம் சுதேசித் தொழிலைத் தாமே தொடங்கிய தேசபக்தரைச் சிறையிலிட்ட சர்க்கார், மற்றொரு பக்கம் சுதேசித் தொழிலை வளர்க்க மகாநாடு கூட்டியதை வாசகர் கவனிப்பாராக. அம்மகாநாட்டின் பயனாகத் தொழில் இலாகா ஏற்பட்டு, சாட்டர்டன் அதன் தலைவரானார்.

பகையும் அப்போதே மூண்டது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகள், வரிப்பணத்தைக் கொண்டு சர்க்கார் கடை வைத்துத் தங்களோடு போட்டியிடுவதாகக் குறை கூறினர். வழக்கு லண்டன் வரை சென்றது. இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910 ஜூலை மாதத்தில் ஓர் உத்தரவு அனுப்பினார். புதிய முறைகளை ஜனங்களுக்குச் சர்க்கார் கற்பிக்கலாம். தொழிற்சாலை வைத்து வாணிகம் நடத்துதல் கூடாது என்பது அதன் சாரம். செம்பியத்துத் தோற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சேலத்து நெசவுச்சாலை மூடப்பட்டது. இலாகாவும் சிதைந்தது.

மார்லி பிரபுவின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லோம். சர்க்கார் நடத்தும் கடைக்கு நஷ்டம் வந்தால் அது குடிகளின் தலையில் விழும். தனி வியாபாரியோ தன் தலையைப் பணயம் வைக்கிறான். ஆயினும் கற்பிக்கலாம், விற்கக்கூடாது என்ற அந்த வரியில் ஒரு பெரும் பிழை இருக்கின்றது. விற்காமல் ஒரு தொழிலைக் கற்பிக்க முடியுமா? நீரில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பதை ஒப்பது அது. தோலை எப்படிக் குரோமில் இடுவது என்று பலகையில் எழுதிக் காட்டலாம். அடக்கவிலையைக் காண்பதற்கு, விலையாகாத சரக்கின் பாரத்தைத் தோளில் உணர்வதற்கு, கடன் கொடுத்து வாராது போனபின் பேரேட்டில் அதை எப்படி எழுதுவது என்று அறிவதற்குப் பலகை உதவாது. அந்த உத்தரவின் நிழல் இன்னும் நம் தொழிற்பள்ளிகளின்மேல் கிடக்கின்றது. தையல் கற்பிக்கும் பள்ளி உண்டு. தைத்த சட்டையை விற்றுக் கணக்கெழுதும் பள்ளி அரிது. மாணாக்கர் செய்த பொருள் ஆண்டுவிழாவில் காட்சிக்கு வைக்கப்பட்டு, மறுநாள் அறையின் மூலையில் போடப்படுகிறது. சஞ்சயிகா என்று பள்ளிகளில் நடந்த சிறுசேமிப்பு, காசைச் சேர்க்கக் கற்பித்தது, நல்லதே. சேர்ந்த காசை முதலாக்கும் வழி அதில் இல்லை.

சாட்டர்டன் 1912-இல் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்று, விசுவேசுவரய்யா திவானாயிருந்த காலத்தில் அங்கே தொழில் இலாகாவை நடத்தினார். சந்தன எண்ணெயும் சவுக்காரமும் மைசூருக்குப் பெயர் தந்தது அக்காலத்து முயற்சிகளால்தான். சென்னையில் தடுக்கப்பட்டது மைசூரில் தடுக்கப்படவில்லை. சுதேச சமஸ்தானத்தில் லண்டன் வியாபாரியின் குரல் அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை போலும். சென்னையிலும் 1914-இல் இலாகா மீண்டும் உயிர்பெற்றது. 1916 முதல் 1918 வரை விசாரணை நடத்திய இந்தியத் தொழிற் கமிஷனில் அவர் ஓர் அங்கத்தினர். மாகாணந்தோறும் தொழில் இலாகா வேண்டுமென்று அக்கமிஷன் சொல்லிற்று. தொழில்களுக்குச் சர்க்கார் கடனுதவி செய்வதற்கான சென்னைச் சட்டம் 1922ஆம் ஆண்டின் பெயரால் வந்தது. 1919-இல் அவர்க்கு ஸர் பட்டம் கிடைத்தது. எந்தக் கொள்கைக்காகக் கண்டிக்கப்பட்டாரோ அக்கொள்கை, ஐரோப்பிய யுத்தத்தில் பூட்ஸுத் தோல் போதாது தவித்த பின் சர்க்காருக்கு இனித்தது. அந்த யுத்தத்தில் நம் சீமையின் பட்டைத்தோலைப் பிரிட்டிஷ் படைக்கென்று சர்க்காரே முன்னின்று வாங்கினர்.

முன்னர் விட்ட கேள்விக்கு இப்போது வருகிறோம். அலுமினியம் பாரிஸ்டர் முன்னின்ற கம்பெனிக்குப் போயிற்று. குரோம் தோற்சாலை ஓர் அரசருக்குப் போயிற்று. பின்னர்ப் பல்லாவரத்தருகே பெரிய குரோம் தோல் கம்பெனி கண்டவர் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர். தோலைச் சீவிய, தொட்டியில் இறங்கிய, பீப்பாயைச் சுழற்றிய கைகள் எந்த இடத்திலும் கூலி பெறும் கைகளாகவே நின்றன. சாட்டர்டன் பட்டறையில் கணக்கு எழுதப்பட்டது உண்மை. ஆனால் கணக்கேடு அலுவலக அறையிலும் தொழிலாளி தொட்டியடியிலும் இருந்தனர். கன்னாரப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் அவர் புதிய பொருளைக் கற்பித்தார். அப்பொருளின் அடக்கவிலையை அவன் வாயால் சொல்லும்வரை கற்பிக்கவில்லை. சாதியின் பெயரால் கடன் மறுக்கப்பட்டவனுக்கு, கடை வைக்க இடம் மறுக்கப்பட்டவனுக்கு, கைத்திறன் மாத்திரம் முதலாளியாகும் வழியைத் திறந்துவிடாது என்பதை அந்த நல்ல துரை முழுதும் உணர்ந்தவராகத் தோன்றவில்லை. மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை, தந்தையின் பக்கத்தில் திண்டில் அமர்ந்து பத்து வயதிலேயே பற்றுவரவு கேட்டு வளர்ந்தான். அவனுக்குத் தனிப் பள்ளி வேண்டியிருக்கவில்லை. பள்ளி வேண்டியிருந்தவன் நம் பிள்ளையே.

ஆதலின் நம் சங்கத்தார் யோசிக்கும் கணக்கு வகுப்பைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. ஆம்பூரிலும் சுற்றூர்களிலும் இன்று பாதரட்சைத் தொழிற்சாலைகள் மிகுந்துள்ளன. 1973 முதல் பாதி பதமான தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்திய பின் முழுப்பதத் தோலும் பாதரட்சையும் வளர்ந்தன. நம் பெண்மக்கள் பலர் அங்கே மேல்தோல் தைக்கின்றனர். வகுப்பில் சிறுவர் சிறுமியர் தம் வீட்டுக்கு வந்த கூலிச்சீட்டையே பாடமாகக் கொண்டுவரலாம். வைப்புநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், மிகைநேரத்துக்கு என்ன விகிதம், சீட்டுக் கட்டிய தொகையில் தள்ளு எவ்வளவு போயிற்று, வாரவட்டிக்காரர் நூற்றுக்கு ஐந்து என்பது ஆண்டில் எத்தனை நூறாகிறது என்று அவர்களே எழுதிப் பார்க்கட்டும். பின் வெட்டுத்தோல் துண்டுகளை விலைகொடுத்து வாங்கி, பணப்பையோ சாவிக்கொத்துப் பட்டையோ செய்து, ஊர்த் திருவிழாவில் விற்கட்டும். நன்கொடையாகத் துண்டுகளை வாங்கலாகாது என்பது நம் அபிப்பிராயம். இலவசமாக வந்த மூலப்பொருளின்மேல் போடும் கணக்கு பொய்க்கணக்காகும். நஷ்டம் வரின் அந்த நஷ்டத்தை மறைக்காது பலகையில் எழுதவேண்டும். சிறு நஷ்டத்தைச் சிறு வயதில் கண்டவன் பெரிய கடனுக்குக் கைநீட்டுமுன் ஒருமுறை யோசிப்பான்.

இக்கணக்கில் இன்னொரு பத்தியும் சேரவேண்டும். சாட்டர்டன் காலத்து ஏட்டில் தோல், மருந்து, கூலி, கரி எல்லாம் எழுதப்பட்டன, பாலாறு எழுதப்படவில்லை. அன்று யாரும் எழுதவில்லை. ஆறு வற்றாத செல்வமென்று எண்ணினர். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகி, உப்பும் குரோமியமும் கலந்து வெளியேறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, இத்தோற்சீமையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்செய்யத் தகாததாயிற்று என்று குறிக்கப்பட்டது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தனர். மாசுபடுத்தியவனே ஈடுசெய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பால் நம் நாட்டில் வேரூன்றியது. 2025 ஜனவரியிலும் பாலாற்றைப் பற்றி அக்கோர்ட்டு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. எந்தக் கிணற்றில் இறைப்பதற்காகக் குரோம் சால் செய்யப்பட்டதோ அந்தக் கிணற்றுநீரே குரோம் தொழிலால் உப்பாயிற்று. நம் வகுப்பில் ஒரு பணப்பையின் அடக்கவிலை எழுதும்போது, நீருக்கு என்று ஒரு வரி விட்டு, அதில் என்ன எழுதுவது என்று பிள்ளைகளை வாதாடவிடலாம்.

சாட்டர்டன் துரை தம் அனுபவங்களை இந்தியாவின் தொழில் வளர்ச்சி பற்றிய நூலாக 1912-இல் வெளியிட்டிருந்தார். பின்னாளில் தாய்நாடு திரும்பி நெடுங்காலம் வாழ்ந்தார். இந்தியா சுதந்தரமடைந்ததையும், 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சிக்கழகம் எழுந்ததையும் கேள்விப்படும் வயது அவர்க்கு வாய்த்தது. 1958-இல், தம் 91ஆம் வயதில் காலமானார். வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் தாம்பரம் பக்கத்து மின்சார ரயிலில் ஏறுவராயின், பல்லாவரத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயரைப் படிக்கலாம். சேம்பர்ஸின் கம்பெனியால் அவ்வூர்க்கு வந்த பெயர் அது: குரோம்பேட்டை.